சேலை கட்டிக்கொண்டு காபி போட்டுக் குடிக்கிறேன், எனக்கு என்ன கோளாறு?

மனநலத் துறையில் வேலை பார்க்கிற எனக்கு வந்த ஒரு கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன். எழுதியவரை அக்கம்பக்கத்தில் யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், அவரிடம் சொல்லிவிட்டுத்தான்.

"மேடம், எனக்கு வயது 36. கடலூர் முதுநகர் பக்கம் வீடு, சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலை. கல்யாணமாகி எட்டு வருஷம், ஒரு பெண் குழந்தை. மனைவி மேல் உயிராக இருக்கிறேன், எங்களுக்குள் எந்தக் குறையும் இல்லை. ஆனால் சின்ன வயதிலிருந்தே எனக்குப் பெண்கள் உடை பிடிக்கும். மனைவி நெய்வேலியில் அம்மா வீட்டுக்குப் போகிற நாளில் கதவைச் சாத்திக்கொண்டு அவளுடைய சேலையைக் கட்டிக்கொள்வேன். வேறு எதுவும் செய்வதில்லை. ஒரு காபி போட்டுக் குடிப்பேன், பாத்திரம் கழுவுவேன், டிவி பார்ப்பேன். அந்த இரண்டு மணி நேரம் அவ்வளவு நிம்மதி. கழற்றி மடித்து வைத்ததும் செத்துவிடலாம் போல இருக்கும். பாண்டி சண்டே மார்க்கெட்டில் எனக்கென்று சேலை வாங்கி, அப்புறம் பயந்துபோய் கெடிலம் பாலத்திலிருந்து பையோடு ஆற்றில் போட்டது மூன்று தடவை. இது எனக்கு ஏன் பிடிக்கிறது? இது நோயா, மாத்திரை இருக்கிறதா? திருநங்கையாக மாறிவிடுவேனா? மனைவியிடம் சொல்லலாமா?"

தம்பி, நடுவில் ஒரு வரியை ரொம்பச் சாதாரணமாக எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள். செத்துவிடலாம் போல இருக்கும் என்ற வரி. அது பேச்சுக்குச் சொன்னதா, இல்லை எப்படி, எப்போது என்று யோசிக்கிற அளவுக்குப் போனதுண்டா? போனதுண்டு என்றால் மீதியை அப்புறம் படியுங்கள், முதலில் 14416க்குப் போன் போடுங்கள். டெலி மனஸ், அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண், ராத்திரி இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். சேலை கட்டுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை, உயிர் மேல் வெறுப்பாக இருக்கிறது என்று சொன்னால் போதும்.

சரி, இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

ஏன் பிடிக்கிறது என்று கேட்கிறீர்கள். நான் முதலில் உங்களிடம் கேட்பது, எது பிடிக்கிறது? துணி உடம்பில் படுவதா, கட்டுகிற வேலையா, கண்ணாடியில் தெரிகிற உருவமா, இல்லை அந்த இரண்டு மணி நேரம் நீங்கள் யாராகவும் இருக்க வேண்டியதில்லை என்பதா? என்னிடம் வருகிற கிராஸ் டிரெஸ்ஸிங், அதாவது எதிர்பால் உடை அணிகிற பழக்கமுள்ள ஆண்கள் இதற்கு ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள், ஒரே ஆள் வயதுக்கு வயது வேறு பதிலும் சொல்கிறார். அதனால் ஒரே காரணம் சொல்லி முடித்துவிடுகிறவர்களை நம்பாதீர்கள். அம்மா பெண் குழந்தை வேண்டும் என்று ஆசைப்பட்டார், அதனால்தான் இப்படி, என்பார்கள். நம் ஊரில் ஆண் குழந்தைக்கு மொட்டை அடிக்கும் முன்னால் ஜடை பின்னி, பூ வைத்து, பின்னால் கண்ணாடி வைத்து ஜடை தெரிகிற மாதிரி ஸ்டுடியோவில் போட்டோ எடுக்காத வீடு எத்தனை? அப்படி எடுத்துக்கொண்ட பையன்கள் எல்லாம் வளர்ந்து சேலை கட்டவில்லையே.

முதல் விஷயம் துணி. ஷிப்டில் நீங்கள் போடுவது கெட்டிக் காட்டன் பாய்லர் சூட், இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூ, தலையில் ஹெல்மெட். வீட்டுக்கு வந்தால் லுங்கி, பனியன். இதில் மெத்தென்று, வழுக்கிக்கொண்டு போகிற துணி எங்கே இருக்கிறது? ஷிஃபான், மைசூர் சில்க், நைலெக்ஸ் எல்லாம் தோலுக்கு வேறு செய்தி சொல்கின்றன, அது யார் தோல் என்று துணி பார்ப்பதில்லை. அப்புறம் கட்டுகிற வேலை. பேண்ட் சட்டைக்கு இரண்டு நிமிஷம் போதும். சேலைக்கு முந்தானையை எடுத்து அளந்து, விரலிடுக்கில் கொசுவத்தை ஒவ்வொன்றாகச் சேர்த்து, குனிந்து தட்டிவிட்டு, பின் குத்தி... பத்து நிமிஷம் மனசு வேறு எங்கேயும் போக முடியாது. பதற்றத்தோடு வருகிறவர்களுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித் தருகிறேனே, கிட்டத்தட்ட அதே வேலையை அந்தப் பத்து நிமிஷம் செய்துவிடுகிறது. எலக்ட்ரீஷியன் ஒருவர் ஒரு முறை சொன்னார், "மேடம், கொசுவம் நேரா வந்துடுச்சுன்னா அன்னைக்கு எனக்குத் தலைவலியே இல்ல." நான் சிரித்துவிட்டேன், அவரும் சிரித்தார்.

மூன்றாவது, ஆம்பளையாக இருப்பதிலிருந்து ஒரு லீவு. நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்திய இடம் அந்தக் காபிதான். சேலை கட்டிக்கொண்டு நீங்கள் ஆடவில்லை, பாடவில்லை, காபி போட்டீர்கள், பாத்திரம் கழுவினீர்கள். சம்பாதிக்கிறவன், சண்டை வந்தால் முன்னால் நிற்கிறவன், சாவு வீட்டிலும் அழக் கூடாதவன், இந்த எல்லா வேஷத்தையும் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு ஒரு மனுஷன் சும்மா உட்கார்ந்திருக்கிறான். உங்கள் நிம்மதியில் பெரிய பங்கு இதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம், நேரில் பேசாமல் அடித்துச் சொல்ல மாட்டேன்.

நான்காவது காமம். இதைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள்தான் அதிகம், நீங்களும் எழுதவில்லை, பரவாயில்லை. பல ஆண்களுக்குப் பெண் உடையோடு கிளர்ச்சியும் சேர்ந்தே இருக்கிறது. வயது ஏற ஏற அது மெல்லப் பின்னால் போய், நிம்மதி மட்டும் மிஞ்சுகிறது என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். இதிலும் நீங்கள் தனி ஆள் இல்லை. ஸ்வீடனில் 1996ல் 18 முதல் 60 வயது வரையுள்ள 2450 பேரிடம் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், எதிர்பால் உடை அணிந்ததில் ஒரு முறையாவது கிளர்ச்சி அடைந்ததாகச் சொன்ன ஆண்கள் 2.8 சதவீதம். அதாவது நூறில் கிட்டத்தட்ட மூன்று பேர். உங்கள் ஷிப்ட் பஸ்ஸில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஐந்தாவது, தடை. ஒளித்து வைப்பதற்கே ஒரு ருசி உண்டு. கதவைச் சாத்தியதும் நெஞ்சு அடித்துக்கொள்கிறதே, அதில் பாதி பயம், பாதி குஷி. தாராளமாகக் கட்டலாம் என்று நாளைக்கே யாராவது சொல்லிவிட்டால் ஆசை பாதியாகக் குறைந்தாலும் குறையும், சிலருக்கு அப்படி நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் யோசியுங்கள். நடவு நேரத்தில் குறிஞ்சிப்பாடி பக்கம் பஸ்ஸில் போனால் வயலில் பெண்கள் சேலைக்கு மேல் புருஷனுடைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு குனிந்து நிற்பார்கள். வெயிலுக்கு, சேற்றுக்கு, அவ்வளவுதான். ஏன்டி ஆம்பளைச் சட்டை போடுகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. நானே வீட்டில் என் வீட்டுக்காரருடைய பழைய சட்டையில்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பெண் ஆண் உடை போட்டால் சௌகரியம், ஆண் பெண் உடை போட்டால் அசிங்கம். ஒன்று ஏறுவது, மற்றது இறங்குவது என்று நாம் வைத்திருக்கிற கணக்கு இது, பெண்ணைப் பற்றி நாம் என்ன நினைக்கிறோம் என்பது இதில் தெரிந்துவிடுகிறது. என் தாத்தா போட்டோவில் குடுமியும் கடுக்கனுமாக உட்கார்ந்திருக்கிறார், அவர் காலத்தில் அது ஆம்பளைக்கு லட்சணம்.

நம் பக்கத்தில் ஆண் சேலை கட்டுவது புதிதும் இல்லை. திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் பாஞ்சாலி யார்? மீசையை மழித்த ஓர் ஆண்தான். துகிலுரிகிற இடம் வரும்போது கூட்டத்துப் பெண்கள் அவரைத்தான் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். மயானக் கொள்ளை அன்று அங்காளம்மனாக வேஷம் கட்டி வருகிறவரும் ஆண்தான். புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் சமாதி இருக்கிறது, 1922ல் இங்கேதான் இறந்தார். அவர் 1918ல் மதுரையில் தொடங்கிய பாலர் நாடக சபையில் ராஜாவும் பையன்தான், ராணியும் பையன்தான். கூவாகத்தில் சித்திரையில் திருநங்கைகள் மட்டுமா கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொள்கிறார்கள், வேண்டிக்கொண்ட கிராமத்து ஆண்களும்தான் கட்டிக்கொள்கிறார்கள். உங்கள் மாவட்டத்துச் சிதம்பரத்தில் நடராஜரே ஒரு காதில் குழையும் மறு காதில் பெண்கள் அணிகிற தோடுமாக ஆடுகிறார்.

ஆக, சாமிக்காகக் கட்டலாம், கூத்துக்காகக் கட்டலாம், காலேஜ் கல்ச்சுரலில் சிரிப்பு மூட்டக் கட்டலாம். எனக்குப் பிடித்திருக்கிறது என்று கட்டினால்தான் ஊருக்குப் பொறுக்காது. உங்களுக்கு வேண்டுதலும் இல்லை, மேடையும் இல்லை, அதுதான் உங்கள் குற்றம்!

நோயா என்ற கேள்விக்கு நீட்டாமல் சொல்கிறேன், இல்லை. எதிர்பால் உடை அணிகிறவர்களுக்கென்று ஒரு பெயரை 1910ல் உண்டாக்கியவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற ஜெர்மன் டாக்டர். இதையும் ஓரினச்சேர்க்கையையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள் என்று அவர் அப்போதே எழுதினார். அதற்குப் பிறகும் மருத்துவர்கள் சும்மா இருக்கவில்லை. 1960களில் பிரிட்டனில் வாந்தி மருந்தும் கரண்ட் ஷாக்கும் கொடுத்து இதை 'மாற்ற'ப் பார்த்தார்கள், எங்கள் துறை வெட்கப்பட வேண்டிய கதை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இதற்கு ரொம்ப நாள் இடம் இருந்தது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 11வது பதிப்பில் எடுத்துவிட்டார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இன்னும் ஒரு பெயர் இருக்கிறது, ஆனால் கிளர்ச்சியோடு சேர்ந்து ஆறு மாதமாவது நீடித்து, அதனால் ஆள் கடுமையாக வேதனைப்பட்டால் அல்லது வாழ்க்கை கெட்டால்தான் அந்தப் பெயரை வைக்கலாம். உடை அணிவது மட்டும் அதில் நோய் இல்லை. நம் நாட்டு 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டமும், சமூகத்தின் ஒழுக்கத்துக்கு ஒத்துவரவில்லை என்பதற்காக ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது. போலீஸ் பிடிக்குமோ என்ற பயமும் உங்களுக்கு இருக்கும். சேலை கட்டுவது குற்றம் என்று இந்தியாவில் சட்டம் எதுவும் கிடையாது. திருநங்கைகளின் உரிமை பற்றிய 2014 நால்சா தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், ஒருவர் தன் பாலினத்தை உடையால் வெளிப்படுத்துவதும் பேச்சுரிமையில் அடங்கும் என்று சொல்லியிருக்கிறது.

அதனால் மாத்திரை இல்லை. இந்த ஆசையை நிறுத்துகிற மாத்திரை என்று யாராவது எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள், லேகியக்காரர்களிடமும் போகாதீர்கள். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் மருந்து உண்டு, அது உங்களுக்குத் தேவைப்படலாம், அது வேறு விஷயம். ஜிப்மர் மனநலப் பிரிவிலோ கடலூர் அரசு மருத்துவமனையிலோ போய், தூக்கம் வரவில்லை, குற்ற உணர்ச்சி தின்கிறது என்றே ஆரம்பியுங்கள், மீதியை டாக்டரின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம். சில டாக்டர்களுக்கு இன்னும் முகம் சுளிக்கிற பழக்கம் போகவில்லை. நானும் யோக்கியம் இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில் இப்படி ஒருவர் வந்தபோது, எப்போது நிறுத்தப் போகிறீர்கள் என்று கேட்டேன். தண்ணீர் குடித்துவிட்டுப் போனவர்தான், திரும்பி வரவே இல்லை. இன்னும் உறுத்துகிறது.

திருநங்கையாக மாறிவிடுவேனா என்று கேட்டிருக்கிறீர்கள். காய்ச்சல் முற்றி டைபாய்டு ஆகிற மாதிரி இது முற்றி அது ஆவதில்லை. திருநங்கை என்பவர் தன்னைப் பெண்ணாகவே உணர்கிறவர், சேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும். நீங்கள் கழற்றியதும் திரும்ப அப்பாவாக, புருஷனாக ஆவதில் உங்களுக்குச் சங்கடம் இருக்கிறதா, அல்லது அது உங்களுக்குச் சொந்த வீட்டுக்குத் திரும்புகிற மாதிரிதானா? உங்கள் உடம்பு மேல் உங்களுக்கு வெறுப்பா? உங்களைப் பெண் பெயரில் யாராவது கூப்பிட மாட்டார்களா என்ற ஏக்கம் நாள் முழுக்க இருக்கிறதா? இருக்கிறது என்றால் அதுவும் குற்றமில்லை, ஆனால் அது வேறு பேச்சு, அதற்குத் தெரிந்தவர்களோடு நிதானமாகப் பேச வேண்டும். சேலையில் ஆரம்பித்து, நான் பெண்தான் என்று நாற்பது வயதில் புரிந்துகொண்டவர்களும் உண்டு. உங்கள் கடிதத்தில் அந்த ஏக்கம் எனக்குத் தென்படவில்லை. மனைவி மேல் ஆசை இருக்கும்போதே இது எப்படி என்றும் குழம்ப வேண்டாம். அமெரிக்காவில் 1032 கிராஸ் டிரெஸ்ஸர்களிடம் எடுத்து 1997ல் வெளியான ஆய்வில் 87 சதவீதம் பேர் தங்களுக்குப் பெண்களிடம்தான் ஈர்ப்பு என்றார்கள், 60 சதவீதம் பேர் அப்போது மனைவியோடு வாழ்ந்துகொண்டிருந்தவர்கள். தாங்களாக முன்வந்து பதில் சொன்னவர்களின் கணக்கு அது, நம் ஊருக்கு அப்படியே பொருத்த முடியாது, ஆனாலும் உங்களை மாதிரி குடும்பஸ்தர்கள் இதில் நிறைய என்பதற்கு அது போதும்.

ஆற்றில் போடுவதை நிறுத்துங்கள். ஆற்றுக்கும் நல்லதில்லை, உங்களுக்கும் நல்லதில்லை. வாங்குவது, கட்டுவது, அருவருத்துத் தூக்கி எறிவது, சத்தியம் செய்வது, மூன்று மாதத்தில் மறுபடி மார்க்கெட்டில் நிற்பது, இந்தச் சக்கரத்தில் சுற்றாத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. ஒவ்வொரு தடவை எறியும்போதும் எறிவது சேலையை இல்லை, உங்களை என்று மனசு எடுத்துக்கொள்கிறது. கழற்றியதும் வருகிற அந்தச் சாவு நினைப்பு அங்கிருந்துதான் வருகிறது. வாரம் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு, முடிந்ததும் மடித்து வைத்துவிட்டு குளித்து வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த ஆட்டம் குறைகிறது.

மனைவியுடைய சேலையைக் கட்டுவதையும் நிறுத்துங்கள். இதில் நான் கறார். அவருக்குத் தெரியாமல் அவர் துணியை எடுப்பது அவர் நம்பிக்கையில் கை வைக்கிற வேலை, நாளைக்கு அவர் மன்னிக்கச் சிரமப்படப் போவது இதைத்தான், சேலை கட்டியதை இல்லை. உங்களுக்கென்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் போனில் போட்டோ எடுக்காதீர்கள், முகம் தெரியாத யாருக்கும் அனுப்பாதீர்கள். நானும் உங்களைப் போலத்தான் என்று ஆன்லைனில் பழகி, போட்டோ வாங்கி, மறுநாள் பணம் கேட்டு மிரட்டுகிற கும்பல் இருக்கிறது. அப்படி மாட்டினால் ஒரு ரூபாய்கூட அனுப்பாமல் 1930க்குப் புகார் செய்யுங்கள்.

சொல்லலாமா? சொல்லலாம் என்றுதான் நினைக்கிறேன், இன்றைக்கே இல்லை. முதலில் உங்களுக்கு உங்கள் மேல் இருக்கிற அருவருப்பு கொஞ்சம் இறங்கட்டும், நீங்களே அசிங்கம் என்று நினைப்பதை அவர் எப்படிச் சாதாரணமாக எடுத்துக்கொள்வார்? சண்டை நடுவில் சொல்லாதீர்கள், ராத்திரி படுக்கையில் சொல்லாதீர்கள், கட்டிக்கொண்டு போய் நின்று காட்டவே காட்டாதீர்கள். குழந்தை ஸ்கூலுக்குப் போன, உங்களுக்கு ஷிப்ட் இல்லாத ஒரு நாளில், வேண்டுமானால் தேவனாம்பட்டினம் பீச்சில் நடந்துகொண்டே, இரண்டு மூன்று வாக்கியத்தில் சொல்லுங்கள். அவர் கேட்கப் போகிற கேள்விகள் எனக்கு மனப்பாடம். உங்களுக்கு ஆம்பளைங்களைப் பிடிக்குமா, என்னைப் பிடிக்கவில்லையா, வேறு யாருக்குத் தெரியும், பாப்பாவுக்கு ஏதாவது ஆகுமா. நான்குக்கும் உண்மையான பதிலை வைத்துக்கொண்டு போங்கள், அவர் கேட்காததையெல்லாம் கொட்டாதீர்கள். அழலாம், பேசாமல் இருக்கலாம், ஒரு வாரம் நெய்வேலிக்குப் போகலாம். என் கண்ணில் படாமல் வைத்துக்கொள் என்று சொல்வதற்கும், எனக்கு இது வேண்டவே வேண்டாம் என்று சொல்வதற்கும் அவருக்கு உரிமை உண்டு. உங்களைப் புரிந்துகொள்வது அவர் கடமை என்கிற மாதிரி பேசிவிடாதீர்கள். தேவைப்பட்டால் இருவரும் சேர்ந்து ஓர் ஆலோசகரைப் பாருங்கள்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் தயாராக இருங்கள். ஒரு பெண் தன் சேலையை மடிக்கிற மடிப்பை இன்னொருவர் அப்படியே மடிக்க முடியாது. பின் குத்துகிற இடம், பீரோவில் எந்தச் சேலைக்குக் கீழே எந்தச் சேலை, உள்பாவாடை நாடாவில் போட்ட முடிச்சு, இதெல்லாம் அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். நீங்கள் எட்டு வருஷமாக எடுத்து வைத்திருக்கிறீர்கள். "எனக்கு எப்பவோ தெரியும், நீயா சொல்லுவேன்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்று ஒருவருடைய மனைவி என் அறையிலேயே சொல்ல, அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.